ஒரு மரம், பல ருசி: வாலிநோக்கம் கரையில் பதநீரும் கருப்பட்டியும்
(புதியவர்களுக்கான முழுமையான வழிகாட்டி)

பிரான்சின் பர்கண்டிப் பகுதியில் சிவப்பு ஒயின் என்றால் பெரும்பாலும் ஒரே திராட்சைதான்: பீனோ நுவார். 1395-இல் பர்கண்டிக் கோமகன் ஃபிலிப், காமே என்ற இன்னொரு சிவப்புத் திராட்சைக் கொடிகளைப் பிடுங்கி எறியும்படி ஆணையிட்டார். காமே கொத்துக் கொத்தாகக் காய்க்கும், ஆனால் ஒயின் மட்டம் என்பது அவர் கட்சி. அதற்கு அறுநூறு ஆண்டுகளுக்குப் பின்னும் அங்கே குப்பியின் மேல் பெரிதாக அச்சிடப்படுவது திராட்சையின் பெயர் அல்ல, ஊரின் பெயர். சில இடங்களில் வயலின் பெயரே இருக்கும். திராட்சை ஒன்றுதான், நிலம் மாறினால் ருசி மாறுகிறது. வாங்குபவருக்கு அது தெரியும், விலையும் அதன்படிதான்.

தமிழ்நாட்டில் திராட்சையிலேயே இதற்கு ஈடு தேடினால் தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்குக்குப் போகவேண்டும். பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் 1832-இல் தமிழகத்துக்குக் கொண்டுவந்ததாகச் சொல்லப்படும் பன்னீர் திராட்சை அங்கே பந்தலில் காய்க்கிறது. 2023-இல் புவிசார் குறியீடும் பெற்றது. ஆனால் ராமநாதபுரம் மாவட்டத்தின் தெற்குக் கரையில், ஏர்வாடிக்கும் சாயல்குடிக்கும் இடையே உள்ள வாலிநோக்கத்தில் நிற்கிறவர் கொடியைத் தேட வேண்டாம். இந்த நிலத்துக்கென்று ஒரு மரம் இருக்கிறது. சாறு தருவது அது, ருசி மாறுவதும் அதில்தான்: பனை.

பனையைப் பார்த்து வளர்ந்தவர்கள்கூட ஒரு பதநீருக்கும் இன்னொரு பதநீருக்கும் வேறுபாடு கேட்பதில்லை. கருப்பட்டியைக் கிலோ விலையில் மட்டும் அளக்கிறோம். வேறுபாட்டை அறிந்து கேட்பவர் இல்லாவிட்டால் நல்ல கருப்பட்டிக்கும் சீனி கலந்த கருப்பட்டிக்கும் ஒரே விலைதான் கிடைக்கும்; அந்த விலையில் எவரும் மரம் ஏறமாட்டார். அதனால் இந்த வழிகாட்டி மரத்தில் தொடங்கி உங்கள் கடைப்பையில் முடிகிறது.

படி 1: நிலத்தைப் பாருங்கள்

வாலிநோக்கம் மன்னார் வளைகுடாக் கரையில், கடலாடி வட்டத்தில் இருக்கிறது. கடல் ஒருபுறம், உப்பளம் ஒருபுறம். தமிழ்நாடு உப்புக் கழகத்தின் உப்பளங்கள் மாரியூர், வாலிநோக்கம் பகுதியில்தான் விரிந்து கிடக்கின்றன. உப்பு விளைய என்ன வேண்டுமோ அதெல்லாம் இங்கே உண்டு: கொளுத்தும் வெயில், ஓயாத காற்று, குறைந்த மழை. மாவட்டத்தின் ஆண்டு மழை ஏறக்குறைய 800 மில்லிமீட்டர். அதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்ந்துவிடும். மீதி மாதங்களில் வானத்தை நம்ப முடியாது.

இந்தக் கணக்கில் நெல் தள்ளாடும். பனை தள்ளாடாது. அதன் வேர்கள் நார் நாராகப் பிரிந்து மணலை இறுகப் பிடித்துக்கொள்ளும். தடித்த விசிறி ஓலை வெயிலையும் உப்புக் காற்றையும் தாங்கும். தண்ணீர் பாய்ச்சுவார் இல்லை, உரம் போடுவார் இல்லை. விதை போட்டவரையே மறந்துவிட்டு மரம் வளர்ந்து நிற்கும்.

முதல் பயிற்சி எளிது. வாலிநோக்கம் விலக்கிலிருந்து சாயல்குடி நோக்கிக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் போங்கள். மரங்கள் எங்கே நெருங்குகின்றன, எங்கே சீமைக்கருவேலம் அவற்றை மூடிக்கிடக்கிறது, எந்த மரத்தில் சாறு பிடிக்கும் கலயம் தொங்குகிறது என்று பாருங்கள். கலயம் தொங்கும் மரம் அடிக்கடி கண்ணில் படாது. மரம் இருக்கிறது, ஏற ஆள் இல்லை என்பதுதான் இந்தக் கரையின் இன்றைய நிலை.

படி 2: ஆண் பனையா, பெண் பனையா?

பனையில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. பாளை விடும்வரை எது ஆண், எது பெண் என்று யாராலும் சொல்ல முடியாது. அதற்கே பன்னிரண்டு, பதினைந்து ஆண்டுகள் ஆகலாம்.

ஆண் பனையின் பாளை விரல் விரலாக நீண்டு தொங்கும். நுங்கு காய்க்காது. பெண் பனையின் பாளையில் சிறு காய்கள் உருண்டு திரண்டிருக்கும்; விட்டுவிட்டால் அவை நுங்காகி, பழமாகி விழும்.

இரண்டிலும் பதநீர் இறக்கலாம். ஆண் பனை பொதுவாகப் பருவத்தில் முந்திக்கொள்ளும், பெண் பனை பிந்தி வரும். பெண் பனையில் பாளையைச் சீவினால் அந்தப் பாளையில் நுங்கு கிடையாது. சாறு வேண்டுமா, காய் வேண்டுமா என்பதைப் பனையேறி பருவத் தொடக்கத்திலேயே முடிவு செய்துவிடுகிறார். கோடையில் சாலையோரம் நுங்கு மலிவாகக் குவிந்துகிடந்தால், அத்தனை பாளையும் பதநீராகாமல் போனவை என்று புரிந்துகொள்ளுங்கள். குறை சொல்வதற்காக இதைக் கூறவில்லை. நுங்கு வெட்ட ஒருமுறை ஏறினால் போதும். பதநீருக்கு நாள்தோறும் ஏறவேண்டும்.

படி 3: பருவத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்

பர்கண்டியில் திராட்சை அறுவடை ஆண்டுக்கு ஒருமுறை, இலையுதிர் காலத் தொடக்கத்தில், சில வாரங்களில் முடிந்துவிடும். பனையின் சாறு மாதக்கணக்கில் வடியும். ஆனால் எல்லா மாதமும் ஒரே சாறு அல்ல.

தை, மாசி: பொங்கல் முடிந்ததும் மரத்தைச் சுத்தம் செய்வார்கள். காய்ந்த மட்டையை வெட்டி, பாளையைப் பதப்படுத்தத் தொடங்குவார்கள். சாறு சிறுகச் சிறுக வரும்.

பங்குனி, சித்திரை, வைகாசி: நடுப் பருவம். சாறு பெருகும். காய்ச்சுபவர் வீட்டு அடுப்பு அணையாது. கருப்பட்டி வாங்க இதுவே நேரம்.

ஆனி, ஆடி: கச்சான் காற்று வலுக்கும். மரத்தின் உச்சியில் நிற்பதே போராட்டம். சாறும் குறைந்துகொண்டே வந்து பருவம் முடியும்.

ஆவணி, புரட்டாசி: பனம்பழம் விழும். கொட்டையைப் பொறுக்கிக் கிழங்குக்குப் பாத்தி கட்டுவார்கள்.

மார்கழி, தை: கிழங்கு பிடுங்குவார்கள்.

இதிலிருந்து ஒரு கணக்கு கிடைக்கிறது. கார்த்திகை மாதத்தில் ஒருவர் 'இன்று இறக்கிய பதநீர்' என்று சாலையோரம் விற்றால், எந்த ஊர் மரம், எப்போது இறக்கியது என்று கேளுங்கள். அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பருவம் தப்பிப் பாளை விடும் மரங்கள் உண்டு. குடம் குடமாகக் கிடைக்காது.

படி 4: மரத்தின் மேல் நடப்பதைத் தெரிந்துகொள்ளுங்கள்

பாளையை வெட்டியதும் சாறு கொட்டும் என்று நினைப்பவர்கள் உண்டு. அப்படி இல்லை. முதலில் பாளையைக் கட்டி, கடிப்பு என்னும் மரக் கிட்டியால் நாள்தோறும் நசுக்கிப் பதப்படுத்த வேண்டும். ஆண் பாளைக்கு ஒரு கடிப்பு, பெண் பாளைக்கு வேறு. அழுத்தம் கூடினால் பாளை அழுகும். குறைந்தால் சாறு இறங்காது. கைப்பழக்கம்தான் அளவு. சில நாள் இப்படிச் செய்தபின் பாளையின் நுனியைப் பாளை அரிவாளால் மெல்லிசாகச் சீவி, கீழே கலயத்தைக் கட்டுவார்கள். அதன்பின் தினமும் ஒரு சீவல். ஒருநாள் தவறினாலும் வெட்டுவாய் காய்ந்து சாறு நின்றுபோகும்.

பெரும்பாலும் ஒரே மரத்தில் நாளுக்கு இருமுறை ஏறுவார்கள். மாலையில் சீவிக் கலயம் கட்டுவது, விடிவதற்கு முன் இறக்குவது. காலில் தளைநார், இடுப்பில் அரிவாள் பெட்டி, சுண்ணாம்பு. ஓங்கிய மரம் எழுபது, எண்பது அடி இருக்கும். தேர்ந்த பனையேறி ஒருவர் நாளுக்கு முப்பது, நாற்பது மரம் பார்ப்பார். இதை இருமுறை என்று பெருக்கிக்கொள்ளுங்கள்.

புதியவர்கள் மரம் ஏறிப் பழகும் ஆசையை இங்கேயே விட்டுவிடுங்கள். ஏறத் தெரிந்தவரோடு கீழே நின்று பார்த்தாலே கற்றுக்கொள்ள ஏராளம் இருக்கிறது. ஏறிக்கொண்டிருப்பவரிடம் பேச்சுக் கொடுக்காதீர்கள். இறங்கிய பின் கேளுங்கள்.

படி 5: சுண்ணாம்புக் கணக்கு

இந்தத் தொழிலின் வேதியியல் முழுவதும் கலயத்தின் உட்புறம் பூசும் ஒரு கை சுண்ணாம்பில் அடங்கிவிடுகிறது.

பாளையிலிருந்து வடியும் சாற்றில் பத்து முதல் பதின்மூன்று விழுக்காடுவரை சர்க்கரை, பெரும்பகுதி சுக்ரோஸ். காற்றிலும் பாளையிலும் கலயத்திலும் உள்ள ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் அந்தச் சர்க்கரைக்குக் காத்திருக்கின்றன. சுண்ணாம்பு இல்லாத கலயத்தில் சாறு விழுந்த கணத்திலிருந்தே புளிப்பு ஏறத் தொடங்கும். சில மணி நேரத்தில் கள் ஆகிவிடும். நான்கைந்து விழுக்காடு ஆல்கஹால்வரை போகும், விட்டால் காடியாகும். சுண்ணாம்பு பூசிய கலயத்தில் சாறு காரத்தன்மை அடைகிறது. நுண்ணுயிர்கள் அதில் எளிதில் பெருக முடியாது. அதுவே பதநீர்.

ஒயின் செய்பவர் இதே உயிர்களைக் கூப்பிட்டு வேலை வாங்குகிறார். பழுத்த திராட்சையில் இருபது விழுக்காட்டுக்கு மேல் சர்க்கரை இருப்பதால் ஒயினில் ஆல்கஹால் பன்னிரண்டு, பதின்மூன்று விழுக்காடுவரை ஏறுகிறது. புளிப்பும் ஆல்கஹாலும் சேர்ந்து அதை ஆண்டுக்கணக்கில் காக்கின்றன. பனஞ்சாற்றுக்கு அந்த வழி இல்லை. கள் அன்றைக்கே குடிக்கும் பண்டம். பனஞ்சாற்றை ஆண்டு முழுக்க வைத்துக்கொள்ள நம்மவர் கண்ட வழி, புளிக்கவிடாமல் தடுத்துக் காய்ச்சிக் கட்டியாக்குவது.

சுண்ணாம்பின் அளவு முக்கியம். குறைந்தால் பதநீர் சுள்ளென்று புளிக்கும். கூடினால் நாக்கில் கரகரப்பு, தொண்டையில் எரிச்சல், காய்ச்சினால் கருப்பட்டி சரியாகக் கட்டிப்படாது. கடற்கரையில் பழைய வழக்கம் கிளிஞ்சலை நீற்றி எடுத்த சுண்ணாம்பு. எந்தச் சுண்ணாம்பு பூசுகிறீர்கள் என்று கேட்கும் ஆளைப் பனையேறி ஒருமுறை நிமிர்ந்து பார்ப்பார்.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். தமிழ்நாட்டில் 1987 முதல் கள் இறக்கவும் விற்கவும் தடை. பக்கத்திலுள்ள கேரளத்திலும் புதுச்சேரியிலும் அனுமதி உண்டு, இங்கே இல்லை. தடையை நீக்கக் கோரிக்கைகள் தொடர்கின்றன. அது தனி வாதம். பதநீர் இறக்கத் தடை இல்லை. ஆகவே பனங்காட்டுக்குப் போய் 'கள் கிடைக்குமா' என்று கண்ணடித்துக் கேட்காதீர்கள். உங்களுக்கு அது வேடிக்கை; அவருக்கு வழக்கு.

படி 6: முதல் பட்டை பதநீர்

காலை ஆறு மணிக்கும் எட்டு மணிக்கும் இடையில் போங்கள். வெயில் ஏறினால் பதநீரும் மாறிவிடும். மரத்தடியிலோ, பதநீர் காய்ச்சும் குடிசையான விடிலியிலோ வாங்குவது நல்லது. ஓலையை மடித்துக் கட்டிய பட்டையில் ஊற்றித் தருவார்கள்.

குடிக்குமுன் மூன்று காரியம்.

முதலில் பாருங்கள். தெளிந்த நீராக இருக்காது. இளம் மங்கல் இருக்கும். நுரை பொங்கிக்கொண்டே இருந்தால் புளிப்பு தொடங்கிவிட்டது.

அடுத்து முகருங்கள். பாளையின் பச்சை வாசமும் மெல்லிய சுண்ணாம்பு வாசமும் வரவேண்டும். காடி நெடி வரக்கூடாது.

பிறகு ஒரு வாய் எடுத்து நாக்கில் நிறுத்துங்கள். முதலில் இனிப்பு, பின்னால் லேசான துவர்ப்பு, கடைசியில் சுண்ணாம்பின் வழுவழுப்பு. இந்த மூன்றில் எது முந்துகிறது, எது நிலைக்கிறது என்று கவனியுங்கள். அடுத்த மரத்துப் பதநீரை உடனே குடித்துப் பாருங்கள். ஆண் மரத்துச் சாறா, பெண் மரத்துச் சாறா, பாளை இளசா முற்றலா, சுண்ணாம்பு கூடவா குறைவா என்பதெல்லாம் அந்த இரண்டு வாய்க்கு இடையே தெரியத் தொடங்கும். இரண்டையும் அடுத்தடுத்துக் குடிக்காமல் வேறுபாடு பிடிபடாது.

வெறும் வயிற்றில் முதல்முறை குடிப்பவர் ஒரு குவளையோடு நிறுத்துங்கள். சிலருக்கு வயிற்றை இளக்கும். நுங்கைப் போட்டுக் குடிப்பது பழகியவர்களுக்கு.

ஒரு எச்சரிக்கை. பழந்தின்னி வௌவால்கள் இரவில் கலயத்தில் வாய் வைக்கும். வங்கதேசத்தில் ஈச்ச மரச் சாற்றைப் பச்சையாகக் குடித்ததால் நிபா வைரஸ் பரவியது பலமுறை பதிவாகியிருக்கிறது. மூடிபோட்டோ வலைகட்டியோ இறக்கும் இடமாகப் பாருங்கள். குழந்தைகள், கர்ப்பிணிகள், நோயாளிகள் இருந்தால் ஒரு கொதி விட்டு ஆறவைத்துக் கொடுங்கள். ருசி கொஞ்சம் மாறும், அவ்வளவுதான்.

படி 7: வீட்டில் ஒருமுறை காய்ச்சிப் பாருங்கள்

கருப்பட்டி ஏன் இந்த விலை என்று புரியவேண்டுமானால் ஒருமுறை காய்ச்சிப் பார்ப்பதே வழி. பத்து லிட்டர் பதநீர் வாங்குங்கள். நல்ல பதநீராக இருந்தால் ஒரு கிலோவையொட்டிக் கருப்பட்டி கிடைக்கும்.

ஒன்று: காலையிலேயே தொடங்குங்கள். பதநீரைச் சற்றுத் தெளியவிட்டு, அடியில் தங்கும் சுண்ணாம்பு மண்டி கலங்காமல் மெல்லிய துணியில் வடிகட்டுங்கள்.

இரண்டு: அகன்ற இரும்புச் சட்டியில் ஊற்றுங்கள். பாத்திரம் பாதியளவுக்கு மேல் நிரம்பக் கூடாது. நுரை பொங்கி வழியும்.

மூன்று: முதல் கொதியில் மேலே திரளும் அழுக்கு நுரையைச் சல்லடைக் கரண்டியால் அள்ளி எறியுங்கள். இந்த நுரையை விட்டால் கருப்பட்டி கருத்துக் கசக்கும்.

நான்கு: தீயைச் சீராக வையுங்கள். ஊரில் பனைமட்டையும் கருவேல விறகும் எரிப்பார்கள். பொங்குதல் அடங்க நசுக்கிய ஆமணக்கு விதை போடுவது அவர்கள் வழக்கம். வீட்டில் அது வேண்டாம், சிறிது தேங்காய் எண்ணெயோ தேங்காய்த் துருவலோ போதும்.

ஐந்து: மூன்று, நான்கு மணி நேரத்தில் சாறு வற்றிப் பாகாகும். சிறு குமிழிகள் பெருங்குமிழிகளாகி, 'பொளக் பொளக்' என்று வெடிக்கும். இனி அடுப்பை விட்டு நகராதீர்கள். அடிவரை துழாவிக்கொண்டே இருங்கள்.

ஆறு: பாகில் ஒரு சொட்டைத் தண்ணீரில் விடுங்கள். கரைந்தால் இன்னும் நேரம் வேண்டும். விரலால் உருட்டினால் உருண்டையாக நின்றால் பதம். உடனே இறக்குங்கள். இந்த இடத்தில் ஒரு நிமிடம் தாமதித்தாலும் கருகல் ஏறிவிடும்.

ஏழு: இறக்கிய பின்னும் நன்றாகத் துழாவுங்கள். பளபளப்பு மங்கிக் குழம்பு கெட்டியாகும்போது, நனைத்து வைத்த தேங்காய்ச் சிரட்டைகளில் ஊற்றுங்கள். ஆறியதும் கவிழ்த்துத் தட்டினால் வட்டு வட்டாக விழும். ஓரிரு நாள் நிழலில் உலர்த்துங்கள்.

கொதிக்கும் பாகு தோலில் பட்டால் ஒட்டிக்கொண்டு ஆழமாகச் சுடும். குழந்தைகளை அந்தப் பக்கமே விடாதீர்கள்.

பாகைச் சிரட்டைக்குப் போகும் பதத்துக்கு முன்பே இறக்கி, பானையில் ஊற்றி வாரக்கணக்கில் அசையாமல் வைத்தால் கல் பிடிக்கும். அதுதான் பனங்கற்கண்டு. சுக்கு, ஏலம் சேர்த்துச் சிறு சிறு துண்டாக ஊற்றினால் சில்லுக்கருப்பட்டி. இரண்டையும் முதல் முயற்சியிலேயே செய்ய நினைக்காதீர்கள்.

படி 8: வாங்கும்போது போடவேண்டிய கணக்கு

கருப்பட்டிக் கலப்படத்தில் பெரியது சீனி. பதநீரோடு சீனியைச் சேர்த்துக் காய்ச்சினால் எடை கூடும், வேலை குறையும். பதநீரே இல்லாமல் பழைய கருப்பட்டியையும் சீனியையும் உருக்கி வார்ப்பதும் நடக்கிறது. இதைக் கண்டுபிடிக்கப் பல வீட்டுச் சோதனைகள் சொல்வார்கள்: உடைத்தால் உள்ளே படிகம் மின்னக் கூடாது, நாக்கில் வைத்தால் மெதுவாகக் கரைய வேண்டும், வட்டு எல்லாம் அச்சில் வார்த்ததுபோல ஒரே நிறமாக இருக்கக் கூடாது. இவை குறிப்புகள்தான், தீர்ப்பு அல்ல. பனையின் சர்க்கரையும் பெரும்பாலும் சுக்ரோஸ், கடைச் சீனியும் சுக்ரோஸ். கண்ணும் கையும் ஏமாற இடம் உண்டு.

ஏமாறாத ஒரு கணக்கு இருக்கிறது. மரத்தடியில் ஒரு லிட்டர் பதநீர் என்ன விலை என்று கேளுங்கள். அதை எட்டால் பெருக்குங்கள். ஒரு கிலோ கருப்பட்டிக்கு வேண்டிய சாற்றின் குறைந்தபட்ச விலை அது. விறகும் மூன்று மணி நேர உழைப்பும் இன்னும் சேரவில்லை. கடையில் விற்கும் கருப்பட்டி அந்தத் தொகைக்கும் கீழே இருந்தால், மீதி எடை எங்கிருந்து வந்தது என்பதற்கு வேறு சோதனை தேவையில்லை.

பிறகு கேளுங்கள். மரியாதையாக, வாங்க வந்தவராக.

'அண்ணாச்சி, இது எந்தப் பக்கத்து மரம்?'
'எந்த மாசம் காய்ச்சினது?'
'நீங்களே காய்ச்சினதா, வாங்கி விக்கிறதா?'

மூன்றுக்கும் நேராகப் பதில் வந்தால் அந்த இடத்தை மறக்காதீர்கள். பருவத்தில் முன்பணம் கொடுத்து ஆண்டுக்குத் தேவையானதை ஒரே வீட்டில் வாங்குவது நீங்கள் செய்யக்கூடிய நல்ல பேரம். அவருக்கு வட்டிக்கடையில் நிற்கும் தேவை குறையும். உங்களுக்குச் சரக்கின் ஊர் தெரியும்.

கடற்கரையில் இன்னும் தெற்கே, தூத்துக்குடி மாவட்டத்து உடன்குடிப் பனங்கருப்பட்டி 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது. அதே ஆண்டு ராமநாதபுரம் முண்டு மிளகாயும் பெற்றது. குறியீடு ஊரின் பெயரைக் காக்கும் சட்டவேலி. பிரான்சு 1935-இல் ஒயின் ஊர்ப்பெயர்களுக்குத் தேசிய அளவில் அமைத்த ஏற்பாடும் இந்த வகைதான். ஆனால் அங்கே வேலி நிற்பது அதிகாரிகளால் மட்டும் அல்ல. பெயருக்கும் பண்டத்துக்கும் பொருந்தவில்லை என்றால் முகம் சுளிக்கும் வாடிக்கையாளர்களாலும்தான்.

படி 9: மூன்று வட்டு வைத்து ருசி பழகுங்கள்

ஒரே நாளில் மூன்று கருப்பட்டி வாங்குங்கள். சாயல்குடிப் பக்கத்தது ஒன்று, உடன்குடியினது ஒன்று, நகரத்துக் கடையில் ஊர்ப்பெயர் இல்லாமல் விற்பது ஒன்று. யாழ்ப்பாணத்து உறவினர் யாரேனும் பனங்கட்டி கொண்டுவந்தால் அதையும் சேருங்கள். அங்கேயும் இதே மரம்தான், கடலுக்கு அக்கரை நிலம். 1978-இல் இலங்கை அரசு பனைக்கென்றே ஒரு சபை அமைக்கும் அளவுக்கு அது அவர்கள் வாழ்வோடு பிணைந்தது.

ஒவ்வொன்றிலும் கட்டைவிரல் நகமளவு உடைத்து, ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே வெந்நீர் குடித்துவிட்டுச் சாப்பிடுங்கள். கவனிக்க வேண்டியவை நான்கு.

இனிப்பு: சுள்ளென்று ஏறி உடனே அணைகிறதா, மெதுவாக ஏறி நிற்கிறதா?
உவர்ப்பு: நல்ல கருப்பட்டியில் இனிப்புக்கு அடியில் மெல்லிய உவர்ப்பு இருக்கும்.
புகை: விறகடுப்பின் வாசம் லேசாகவா, மற்றதை மூடும் அளவுக்கா?
கசப்பு: கடைசியில் வரும் கசப்பு கருகலா, இயல்பான துவர்ப்பா?

இதை எழுதிவையுங்கள். ஒரு பருவம் கழித்து மீண்டும் அதே ஊர்களின் கருப்பட்டியை வாங்கி எழுதுங்கள். ஊரின் ருசி என்பது மண்ணால் மட்டும் வருவதில்லை என்பது அப்போது தெரியும். சுண்ணாம்புப் பூச்சு, விறகு, துழாவும் கை, இறக்கும் நிமிடம் எல்லாம் அதில் இருக்கிறது. ஒரே ஊரில் இரண்டு வீட்டுக் கருப்பட்டி இரண்டு விதமாக இருப்பதும் அதனால்தான்.

படி 10: சேமிப்பதும் சமைப்பதும்

கருப்பட்டிக்கு எதிரி ஈரம். காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக் கசியும், பூசணம் பிடிக்கும். முன்பு ஓலைப்பெட்டியில் வைத்து அடுப்புக்கு மேல் புகைபடும் பரணில் ஏற்றிவிடுவார்கள். இன்று உலர்ந்த மண்பானையிலோ காற்றுப் புகாத கண்ணாடிச் சாடியிலோ வையுங்கள். ஐப்பசி மழைக்கு முன் ஒருநாள் வெயில் காட்டுங்கள். ஈரக் கரண்டியை உள்ளே விடாதீர்கள்.

எதில் சேர்த்தாலும் முதலில் தட்டி நீரில் கரைத்து, வடிகட்டிய பின் சேருங்கள். மணலும் ஓலைத் துணுக்கும் சுண்ணாம்பு மண்டியும் அடியில் தங்கும். அது கலப்படம் அல்ல. சுக்குக் காப்பியில் தொடங்குவது எளிது. அடுத்தது பணியாரம், கொழுக்கட்டை. கைப்பழக்கம் வந்தபின் கீழக்கரை வீடுகளில் தேங்காய்ப்பால் சேர்த்துக் கிண்டும் தொதலுக்குப் போகலாம். அதற்கு நல்ல கருப்பட்டியும் வலுவான தோளும் வேண்டும்.

'கருப்பட்டி சர்க்கரை நோய்க்கு ஒன்றும் செய்யாது' என்று சொல்லி விற்பவரை நம்பாதீர்கள். சீனியில் இல்லாத சில தாதுப்பொருட்கள் இதில் உண்டு. ஆனாலும் இது பெரும்பகுதி சர்க்கரைதான், இரத்தத்தில் ஏறும். நீரிழிவு உள்ளவர்கள் சீனிக்குச் சொல்லும் அதே கட்டுப்பாட்டை இதற்கும் வைக்கவேண்டும். கருப்பட்டிக்கு மருந்துப் பட்டம் தேவையில்லை, ருசியே போதுமான காரணம்.

படி 11: ஒரு விதை போடுங்கள்

பனை தமிழ்நாட்டின் மாநில மரம். 2021-இல் வந்த வேளாண் நிதிநிலை அறிக்கையில், பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி கட்டாயம் என்று அரசு அறிவித்தது. பனை விதை நடும் திட்டமும் அதில் இருந்தது. உங்கள் பங்குக்குச் செய்ய இடம் இருந்தால் இப்படிச் செய்யுங்கள்.

புரட்டாசியில் விழுந்த பழத்தின் கொட்டையை எடுங்கள். மழைக்கு முன், ஒரு அடி ஆழக் குழியில், பத்தடிக்கு ஒன்றாகப் போடுங்கள். முளை முதலில் கீழ்நோக்கி ஆழமாக இறங்கும். அதனால் நாற்றாக வளர்த்துப் பிடுங்கி நடுவதைவிட, நிற்க வேண்டிய இடத்திலேயே விதைப்பது நல்லது. முதல் சில ஆண்டுகள் ஓரிரு ஓலையோடு நின்று உங்களைச் சோதிக்கும். ஆடு கடிக்காமலும் யாரும் தீ வைக்காமலும் பார்த்துக்கொண்டால் போதும்.

அந்த மரம் பாளை விட இன்னும் பதினைந்து ஆண்டு ஆகும். அன்றைக்கு அதில் ஏற ஆள் இருப்பாரா என்பது மரத்தைப் பொறுத்தது அல்ல. இன்று இறங்கிவரும் பனையேறிக்கு நாம் கொடுக்கும் விலையைப் பொறுத்தது. ஆகவே இந்தப் பங்குனியில் சாயல்குடிக்கும் வாலிநோக்கத்துக்கும் இடையே ஒரு விடிலியைக் கண்டுபிடியுங்கள். எந்த மரம், எந்த மாதம், யார் காய்ச்சியது என்று கேளுங்கள். பதில் பிடித்திருந்தால் கேட்ட விலையைக் குறைக்காமல் கொடுத்துவிட்டு, அடுத்த பருவத்துக்கும் சொல்லிவைத்துவிட்டு வாருங்கள்.